'உயர் நீதிமன்றம் விடுவித்தது' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊர் டீக்கடையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், கொலை வழக்குச் செய்தி ஒன்றைக் காட்டி, "கீழ்க் கோர்ட் ஆயுள் கொடுத்த ஆளை ஹைகோர்ட் விட்டுவிட்டதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். தலைப்பில் 'விடுவிப்பு' என்றுதான் இருந்தது. ஆனால், செய்தியை முழுதாகப் படித்தபோது, மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து அவரை ஜாமீனில் அனுப்பியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எடுத்துச் சொன்னேன். "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே" என்றார். மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, சிரஸ்தாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியராக) ஓய்வுபெற்ற நான் அதற்கு மேல் அவரிடம் என்ன வாதாடுவது? எந்த நாளிதழ் என்பது இங்கே முக்கியமில்லை. இந்தக் குழப்பம் எல்லா நாளிதழ்களிலும் இருக்கிறது.

தண்டனை நிறுத்திவைப்பு என்பது விடுதலை அன்று. மேல்முறையீடு இறுதி விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால், அதுவரை சிறையில் கிடந்தவர் கடைசியில் நிரபராதி என்று தீர்ந்தால் அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது என்ற கவலையில் சட்டம் தந்திருக்கும் இடைக்கால ஏற்பாடு அது. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது. அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைப்பது இன்னும் அரிதானது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2013-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு உடனடியாகப் பதவியை இழப்பதால், அவர்கள் தண்டனையை மட்டுமல்லாமல் குற்றத்தீர்ப்பையும் நிறுத்திவைக்கக் கோரி ஓடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், ஓர் எம்.எல்.ஏ. பதவியில் நீடிக்கிறாரா இல்லையா என்பதே வாசகருக்குப் புரியாது.

மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றி உயர் நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து நடத்துகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். வழக்கமாக அப்படி நடப்பதில்லை. கீழமை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களும் குறியீடு செய்யப்பட்ட ஆவணங்களும் கட்டுக்கட்டாக மேலே போகும். வழக்கறிஞர்கள் டைப் செட் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பு) தாக்கல் செய்து, அதிலுள்ள வரிகளை வைத்தே வாதாடுவார்கள். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை தொடங்கப்படும்வரை எங்கள் மாவட்டத்துக் கட்டுகளெல்லாம் சென்னைக்குத்தான் போயின. ஒரு ஆவணம் விடுபட்டால் எத்தனை நினைவூட்டுக் கடிதங்கள் வரும் என்பதை என் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சாட்சி தடுமாறியதையும் வியர்த்ததையும் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. அதனால்தான் விடுதலையை எதிர்த்த மேல்முறையீடுகளில் உயர் நீதிமன்றம் கூடுதல் எச்சரிக்கை காட்டுகிறது. சாட்சியங்களை முழுமையாக மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆயினும், அதே சாட்சியத்திலிருந்து இரண்டு விதமான முடிவுகளுக்கும் நியாயமாக வர முடியும் என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான கீழமை நீதிமன்றத்தின் முடிவைக் கலைக்கக் கூடாது என்று 2007-இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்னது. கீழமை நீதிமன்றத்தின் உத்தரவு சட்டப்படி முறையானதா என்று பார்க்கக் கோரும் சீராய்வு மனுவிலோ எல்லை இன்னும் குறுகியது. விடுதலையைத் தண்டனையாக மாற்றச் சட்டமே இடம் தரவில்லை. மிகப் பெரிய பிழை இருந்தால் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். 'விடுதலையை ரத்து செய்தது' என்று மூன்று சொற்களில் செய்தி வரும்போது, அது மேல்முறையீட்டிலா சீராய்விலா என்று தெரியாமல் அந்தச் செய்திக்குப் பொருளே இல்லை.

மரண தண்டனை வழக்கு இதற்கு நேர்மாறானது. செஷன்ஸ் நீதிபதி விதித்த மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாதவரை நிறைவேற்றத் தகுந்ததன்று. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கட்டுகள் தாமாகவே மேலே போக வேண்டும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும்; அவர்களுக்குள் கருத்து மாறுபட்டால் மூன்றாவது நீதிபதியிடம் போகும். தேவைப்பட்டால் மேலும் சாட்சியம் எடுக்கவும் உத்தரவிடலாம். அங்கே உயர் நீதிமன்றம் ஏறக்குறைய விசாரணை நீதிமன்றத்தின் பொறுப்பையே தோளில் ஏற்றிக்கொள்கிறது.

உரிமையியல் வழக்குச் செய்திகளில் குழப்பம் இன்னும் அதிகம். முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டிலும் தோற்று, இரண்டாம் மேல்முறையீட்டுக்கு வருபவர், "என் பட்டாவையும் கந்தாய (நிலவரி) ரசீதையும் ஹைகோர்ட் ஜட்ஜாவது பார்ப்பார்" என்ற நம்பிக்கையில் வருகிறார். (பட்டாவை மட்டும் வைத்துச் சொத்துரிமையை நிலைநாட்ட முடியாது என்பது வேறு கதை.) 1976-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு திருத்தப்பட்ட பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்க முடியும், அந்தக் கேள்வி இன்னது என்று எழுத்தில் வகுத்துக்கொண்டுதான் விசாரிக்கவும் முடியும். வரப்பு யாருடையது, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பவை பெரும்பாலும் உண்மை நிலை பற்றிய கேள்விகள்; அவை கீழேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே 'தள்ளுபடி' என்று வந்தால், நிலம் இன்னாருடையது என்று உயர் நீதிமன்றம் தானே ஆராய்ந்து முடிவு செய்ததாக எழுதக் கூடாது. தலையிடக் காரணமில்லை என்று அது ஒதுங்கியிருக்கிறது என்பதே பெரும்பாலும் சரி.

இன்னொன்று. ஒரே உயில் பற்றிய குற்றவியல் வழக்கில் போலி ஆவணக் குற்றச்சாட்டிலிருந்து ஒருவர் விடுதலையாகி, உரிமையியல் வழக்கில் அதே உயில் செல்லாது என்று தீர்ப்பானால், "ஒரே கோர்ட்டு ரெண்டு நாக்கால் பேசுகிறது" என்கிறார்கள் மக்கள். இதில் முரண்பாடு இல்லை. குற்றவியலில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். உரிமையியலில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். அதிலும் உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றைப் போக்கும் சுமை உயிலை முன்வைப்பவர் மேல் விழுகிறது. அளவுகோல் வேறு என்பதால் முடிவும் வேறாகிறது. இதை விளக்க இரண்டு வரி போதும்; அந்த இரண்டு வரியைத்தான் எந்தச் செய்தியிலும் காணோம்.

வழக்கை ரத்து செய்யும் உத்தரவும் விடுதலை அன்று. புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகுமா என்று பார்க்கும், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் அது. அங்கே சாட்சியம் எடைபோடப்படுவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு 482-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 528 ஆகிவிட்டது. 482 இப்போது முன்ஜாமீனுக்குரிய எண். பழைய பழக்கத்தில் எண்ணை மாற்றிப் போட்டால், முன்ஜாமீன் கேட்டவர் வழக்கையே ஒழித்துவிட்டதாகச் செய்தி போய்விடும்.

விசாரணையின்போது நீதிபதிகள் கேட்கும் கேள்விகளைத் தலைப்பாக்குவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். 2021-இல் தேர்தல் ஆணையம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன கருத்துகள் உச்ச நீதிமன்றம்வரை போனபோது, அவற்றை வெளியிட ஊடகங்களுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால், அந்தக் கருத்துகள் நீதிமன்றப் பதிவில் இடம்பெறாதவை என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. 'நீதிபதி கேள்வி' என்பதும் 'நீதிமன்றம் உத்தரவு' என்பதும் ஒரே கொட்டை எழுத்தில் வரலாகாது.

ஆகவே, உயர் நீதிமன்றச் செய்தி ஒவ்வொன்றிலும் அது மேல்முறையீடா, சீராய்வா, ரத்து மனுவா, இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா, தனி நீதிபதியா, இரு நீதிபதிகள் அமர்வா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறும், வழக்கு எண்ணைக் கடைசி வரியிலாவது சேர்க்குமாறும் தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எண் இருந்தால், விருப்பமுள்ளவர் நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவைத் தேடிப் படித்துக்கொள்வார். இடம் போதாதென்றால் தலைப்பில் உள்ள 'அதிரடி'யை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
திண்டுக்கல் மாவட்டம்.