காலநிலை மாற்றம் பொய் என்கிற நெல்லை அண்ணாச்சிமார்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களே,

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததே என்று நான் ஆரம்பித்தால், 1992லும்தான் ஆற்றில் வெள்ளம் வந்தது, அப்போது யார் காலநிலையைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்கிறீர்கள். ஒரு வெள்ளத்தை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். அந்த வழக்கை ஒத்திவைப்போம். நான் கேட்க வந்தது வேறு.

காலநிலை மாற்றம் பொய் என்றே வைத்துக்கொள்வோம். சரி, அப்புறமும் புகையைக் குறைக்கிற வேலைக்கெல்லாம் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்? மின்சார பஸ் என்றால் வேண்டாம், காற்றாலை என்றால் ஏமாற்று வேலை, குப்பையைப் பிரித்து எரிவாயு எடுக்கலாம் என்றால் அதுவும் வெளிநாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்தது. கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடு, அதை ஏன் தடுக்க வேண்டும் என்கிறீர்கள். ஆனால் நிலக்கரி எரியும்போது அது தனியாகவா வருகிறது? அதே புகைக்கூண்டு வழியாகத்தான் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பாதரசமும் சாம்பல் தூசியும் வெளியே வருகின்றன. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் சாம்பல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979லிருந்து எரிந்தது, பிறகு 1050 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது அது. ஆனி ஆடிச் சாரல் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுற்றும்போது அந்த அளவுக்கு எங்கேயோ நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. சூடு குறைகிறதோ இல்லையோ, அந்தத் தூசி யார் நெஞ்சுக்குள்ளும் போகவில்லை.

எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் உடைமர விறகில்தான் சமைத்தாள், மண்ணடுப்பு, தாழ்ந்த கூரை, கையில் ஊதுகுழல், மிச்ச நேரத்தில் மடியில் பீடித்தட்டு. ஆயிரம் ஆயிரமாகச் சுற்றினாளே தவிர ஒரு பீடி பிடித்ததில்லை. கடைசிக் காலத்தில் நாலு படி ஏறினால் இளைப்பு, ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். பாளையங்கோட்டையில் காட்டியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி பீடி குடிப்பாங்களா?" இல்லை, அடுப்புப் புகைதான். உலகம் முழுக்க வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கரித்துகளுக்கும் உலகத்தைச் சூடாக்குகிற வேலை உண்டு. ஆச்சிக்கு கேஸ் அடுப்பு பத்து வருஷம் முன்னாலேயே வந்திருந்தால், அது எந்தக் காலநிலை மாநாட்டின் பெயரில் வந்தது என்று நான் கேட்டிருக்க மாட்டேன். நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் எரித்துப் பணக்காரன் ஆகிவிட்டு இப்போது நம்மை நிறுத்தச் சொல்கிறான் என்கிறீர்கள். அது உண்மை. இன்றைக்கும் அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியாவில் சுமார் 2 டன். இந்த அநியாயத்தைப் பேசுகிற எந்த மேடையிலும் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள் அண்ணாச்சி. கரியமில வாயு எங்கே விட்டாலும் உலகம் முழுக்கக் கலந்துவிடும், நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், அதனால் நாம் குறைத்தால் அதன் பலனும் எல்லோருக்கும் பங்கு போகும். புகைத்தூசி அப்படி இல்லை. சில நாள், மிஞ்சினால் ஒரு வாரம் காற்றில் நின்றுவிட்டு நம் பக்கத்து ஊர்களிலேயே பெரும்பங்கு இறங்குகிறது. அதைக் குறைத்தால் நம் மூச்சுக்கு வரும் பலனில் அமெரிக்காக்காரனுக்குப் பங்கே கிடையாது, அவன் குறைக்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். அவன் மேல் உள்ள கோபத்தில் நம் பிள்ளைகள் நெஞ்சில் தூசியை ஏற்றிக்கொள்வது என்ன கணக்கு?

காலநிலையை யாரும் பேசாத காலத்திலேயே இந்த வேலைகள் நடந்திருக்கின்றன. 1952இல் லண்டனில் நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கில் செத்த பிறகுதான் 1956இல் அங்கே புகைக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். டெல்லி பஸ்களைப் புகை குறைந்த சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாற்றச் சொல்லி 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது ஜனங்களின் மூச்சுக்காகத்தான்.

எங்கள் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. பஸ், அடுப்பு, குப்பை, மின்சாரம் என்று எல்லாவற்றையும் காலநிலை என்கிற ஒரே சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம், சாக்கு பிடிக்காதவர்கள் உள்ளே இருப்பதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். இன்னொன்று, பனையை வெட்டிவிட்டு சோலார் பலகை நடுவதையும், குளத்துக்கு வருகிற ஓடையை அடைத்துக் காற்றாலைக்குப் பாதை போடுவதையும் நீங்கள் எதிர்த்தால் நானும் கூட வருவேன். அது எங்கே போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்கிற சண்டை. அதற்காகப் புகையே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

கடைசியாக ஒரு உதவி. எங்கள் பகுதிக் குப்பைக்கிடங்கு கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகைகிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மட்கும் குப்பை குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது, எரிவதற்கு அதுவும் தோதாகிறது. மட்குவதைத் தனியாகப் பிரித்துக் காற்றுப் புகாத கலனில் போட்டால் அதே மீத்தேன் அடுப்புக்கு ஆகும். இதைக் கேட்டு வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறோம். ஒன்றரைப் பக்க மனு, காலநிலை என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை, நானே எழுதினேன். காலை பத்து மணிக்குக் கொக்கிரகுளம் வாசலில் நிற்போம். படித்துப் பாருங்கள், சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்