தரையில் கயிறு ஒட்டித் தந்த அக்காவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை மறுபடியும் கோல்பால் பந்தின் மணிச்சத்தம் கேட்டேன். பார்வையில்லாத நாங்கள், உள்ளே மணி வைத்த பந்தைக் காதால் கேட்டு ஆடும் ஆட்டம் அது. வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளங்கையில் அந்த அதிர்வு அடங்கவில்லை. பழைய கூடம் கைவிட்டுப் போய், ஆட இடமில்லாமல் இந்த ஆறு வாரங்கள் எப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

மனு எழுதித் தந்தவர்கள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள், பந்துகளையும் கண்மறைப்புகளையும் தங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தவர்கள், கோல் கம்பங்களைத் தோளில் சுமந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மனம் ஒருவரிடமே நிற்கிறது.

பழைய கூடத்தைப் பெருக்கித் துடைத்துவந்த அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோல்பால் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அதன் கோடுகளை நாங்கள் தொட்டுத்தான் அறிகிறோம். ஒட்டும் டேப்புக்கு அடியில் மெல்லிய கயிறு ஓடும். அந்த மேடு காலில் தட்டினால்தான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பது பிடிபடும். முதுகுக்குப் பின்னால் களத்தின் முழு அகலத்துக்கும் கோல். ஒன்றேகால் கிலோ பந்து மணி குலுங்க உருண்டு வரும்போது குறுக்கே பாய்ந்து விழ வேண்டும். புதிய கூடம் கிடைத்த செய்தி வந்தபோதுகூட நான் மகிழாததற்குக் காரணம் இதுதான். அங்கே இருந்தது வழவழவென்ற வெறும் தரை.

நேற்று உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் காலைத் தேய்த்தேன். மேடு தட்டியது. குனிந்து தடவிக்கொண்டே போனேன். பின்கோடு, நடுக்கோடு, நான்கு மூலைகள் எல்லாம் இருந்தன.

பழைய கூடத்தில் டேப்பை உரித்துப் போடச் சொன்னபோது, அக்கா கயிறுகளை எறியாமல் கோட்டுக்கு ஒரு சுருளாகச் சுற்றி வைத்திருந்திருக்கிறார். இந்தக் கூடத்தில் அவருக்கு வேலையே கிடையாது. சாவி கேட்டு வாங்கி, முந்தைய இரவு மண்டியிட்டு ஒட்டியிருக்கிறார். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலில் நடந்து பார்த்தாராம். ஒரு மூலை தட்டுப்படவில்லை. அதை உரித்து மறுபடி ஒட்டினாராம்.

“சும்மா நடக்கிற எனக்கே தட்டவில்லை என்றால், பாய்ந்து விழுகிற நேரத்தில் உனக்கு எப்படியம்மா தட்டும்?” என்றார்.

இத்தனை காலம் துடைப்பத்தோடு ஓரமாக நின்று, நாங்கள் தரையைத் தடவுவதை அவர் கவனித்திருக்கிறார். ஆட்டம் தொடங்கினால் வாளியைக்கூட நகர்த்த மாட்டார். மணிச்சத்தம் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

போரில் பார்வை இழந்து திரும்பியவர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் இது. அவர்களுக்கும் யாரோ ஒருவர் தரையைத் தயார் செய்து தந்திருப்பார் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தேய்ந்த டேப்பை மாற்றும் வேலை இனி என்னுடையது. கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டே ஒட்டிப் போகலாம், அக்காவிடம் கற்றுக்கொள்வேன்.

களத்தில் எல்லோரும் கண்மறைப்பு அணிவதால், பயிற்சியில் பார்வை உள்ளவர்களும் எங்களோடு ஆடலாம். அக்காவையும் அழைத்தேன். சற்றுத் தயங்கி, “அடி படுமா?” என்று கேட்டார். படும் என்றேன்.

சனிக்கிழமை வருகிறார்.