குன்னூர் ஹெலிகாப்டரும் சோவியத் விமானங்களும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். விமான விபத்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையில், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ராணுவ ஹெலிகாப்டர் ‘சோவியத் காலத்துப் பழைய எந்திரம்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. விமானப் படையின் வானிலைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது காரமடையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகன் என்ற முறையில், அந்த வரியைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

சூலூரிலிருந்து புறப்பட்ட அந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சோவியத் காலத்தில் செய்யப்பட்டதன்று. இதன் மூதாதையான எம்ஐ-8 முதன்முதலில் பறந்தது 1961இல் என்பது உண்மைதான். ஆனால் எம்ஐ-17வி5 ரகத்தை வாங்குவதற்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது 2008இல்; ரஷ்யாவின் கசான் நகரத் தொழிற்சாலையிலிருந்து அவை வரத் தொடங்கியது 2011இல். சோவியத் ஒன்றியம் கலைந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. விபத்துக்குள்ளான ஹெலிகாப்டர், நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பல பேருந்துகளைவிட வயதில் இளையது.

இது வெறும் ஆண்டுக் கணக்குத் தவறாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எந்திரம் பழையது என்று எழுதியவுடன் வாசகர் மனத்தில் காரணம் கிடைத்துவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது. அத்துடன் விசாரணையும் அங்கேயே நின்றுவிடுகிறது. அன்று பகல் 11.48 மணிக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும், 12.08 மணியளவில் தொடர்பு அறுந்தது. அதில் இருந்த பதினான்கு பேரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதின்மூவர் அன்றே மாண்டனர். ஒருவர் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் உயிர்நீத்தார். எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை என்று முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் கூறியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாற, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசை மயக்கம் ஏற்பட்டது. நல்ல நிலையில் கட்டுப்பாட்டுடன் பறந்துகொண்டிருந்த எந்திரம் நிலத்தில் மோதியது. இவையே அக்குழு சொன்னவை.

கல்லாறு தாண்டி மேலே ஏறியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காரமடையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பர்லியாறுக்கு மேல் மஞ்சு இறங்கி, எதிரே வரும் லாரியின் விளக்கைக்கூட விழுங்கிவிடும். பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி நிற்கலாம். ஹெலிகாப்டரில் இருப்பவர் கண்ணுக்குத் தொடுவானம் மறைந்த சில வினாடிகளிலேயே உட்காது பொய் சொல்லத் தொடங்கிவிடும். வளைந்து செல்வது நேராகச் செல்வதுபோலவும் இறங்குவது ஏறுவதுபோலவும் தோன்றும். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும் உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதைப் பணியில் இருந்த காலத்தில் விமானிகள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

உண்மையான சோவியத் விமானங்களான ஐஎல், ஏஎன், டியூ ரகங்களின் மலை விபத்துகளை எடுத்துப் பார்த்தாலும் இதே முகம்தான் தெரிகிறது. 1966 நவம்பர் 24 அன்று, பிராகில் வானிலை சரியில்லாததால் பிராட்டிஸ்லாவாவில் இறங்கிக் காத்திருந்த பல்கேரிய ஐஎல்-18 விமானம், மாலை இருளில் மீண்டும் கிளம்பிய சில நிமிடங்களில் குன்றில் மோதி, அதிலிருந்த 82 பேரும் இறந்தனர். அது மோதிய சிறு கார்பாத்தியன் தொடரின் மிக உயர்ந்த சிகரமே 800 மீட்டரைத் தொடாது. நம் குன்னூரின் உயரத்தில் பாதிகூட இல்லை. 1969 ஏப்ரலில் போலந்தின் ஏஎன்-24 ஒன்று பனிப்பொழிவில் வழி தவறிப் பொலிட்சா மலையில் மோதியதில் 53 பேர் மாண்டனர். சோவியத் ஒன்றியம் போன பின்னும் இது ஓயவில்லை. 1996 ஆகஸ்ட் 29 அன்று சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு ஸ்வால்பார்டு தீவில் இறங்க வந்த டியூ-154, மேகத்துக்குள் பாதை விலகி மலையில் மோத, 141 பேர் இறந்தனர். இம்மூன்றிலும் மோதும் கணம் வரை விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிப் போன விமானப் படையின் ஏஎன்-12, வானிலை மோசமானதால் திரும்பி வரும் வழியில் ரோதாங் கணவாய்ப் பக்கம் 102 பேருடன் காணாமல் போயிற்று. 2003இல்தான் மலையேறச் சென்றவர்கள் பனியாற்றில் அதன் சிதைவுகளையும் ஒரு வீரரின் உடலையும் கண்டனர். 2024 செப்டம்பரில் மேலும் நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஓர் ஊருக்குச் சவப்பெட்டி வந்தபோது, அதை வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் யார் மிஞ்சியிருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எந்திரத்துக்கும் பொறுப்பு இல்லாமல் போகவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அது வயதைப் பொறுத்ததாக இல்லாமல், விமானி அறையில் இருக்கும் கருவிகளையும் அளவைப் பழக்கத்தையும் பொறுத்ததாக இருந்தது. உயரமானி என்பது அடிப்படையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவிதான். மேலே போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் பாதரசம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 11 மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று பொருள். இதில் எந்த இடத்தைச் சுழியமாக வைப்பது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான நாடுகள் கடல் மட்டத்தைச் சுழியமாக வைத்து, அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகிலும் உயரத்தை அடியிலும் பேசின. சோவியத் விமானிகளோ இறங்கும் ஓடுபாதையையே சுழியமாக வைத்து, மில்லிமீட்டரிலும் மீட்டரிலும் பேசினர். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவை விமான நிலையத்தில் இறங்கியதும், ஒரு முறையில் முள் 400 காட்டும், மறு முறையில் சுழியம் காட்டும். சமவெளியிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால் மலைநாட்டில் கேட்கவே வேண்டாம்.

1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் ஸ்பிடாக் நிலநடுக்கம் நேர்ந்து, குறைந்தது 25,000 பேர் இறந்தனர். மீட்புப் பணிக்காக உலகெங்குமிருந்து விமானங்கள் அந்த மலைநாட்டில் குவிந்தன. டிசம்பர் 11 அன்று மீட்புக்கு வந்த படையினரை ஏற்றிய சோவியத் ஐஎல்-76 ஒன்று, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள லெனினாகன் அருகே இறங்கும்போது மலையில் மோதியது. ஒருவர் மட்டுமே பிழைத்தார். எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயரமானியில் அழுத்தம் தவறாக வைக்கப்பட்டிருந்தது. மறுநாளே, நிவாரணப் பொருள்களுடன் எரெவானில் இறங்க வந்த யூகோஸ்லாவிய ஏஎன்-12 தரையில் மோதி ஏழு பேர் இறந்தனர். அங்கேயும் உயரமானி அழுத்தத்தைப் பற்றிய குழப்பமே சொல்லப்பட்டது. முதல் விபத்தின் காரணம் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த விமானிக்குப் போய்ச் சேரவில்லை. இந்த விபத்து வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பக்கம் இதுதான்.

போய்ச் சேராததற்கு அவசரம் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வெளிநாட்டவரோ பெயர் பெற்றவரோ இறந்தாலொழிய, உள்நாட்டு விமான விபத்தைச் செய்தித்தாளில் போடுவதில்லை என்பது சோவியத் நாட்டில் பல ஆண்டுகள் நிலவிய வழக்கம். அதைவிட விந்தை, அதே நாடு தன் படைக்காக உலகின் மலைகளையெல்லாம் மிக நுணுக்கமாக வரைந்து ரகசியமாக வைத்திருந்தது. 1991இல் ஒன்றியம் கலைந்தபின் அந்த வரைபடங்கள் வெளிச்சந்தைக்கு வந்தன. அமெரிக்கப் பொறியாளர் டான் பேட்மன் தம் நிறுவனத்தை வற்புறுத்தி அவற்றை வாங்கவைத்து, எதிரே மலை வருவதை முன்கூட்டியே காட்டும் எச்சரிக்கைக் கருவியை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த கருவி விமானத்தின் வயிற்றுக்குக் கீழே உள்ள நிலத்தை மட்டுமே பார்த்தது. செங்குத்தான மலையென்றால் அது கத்தும்போது நேரம் கடந்திருக்கும். பூட்டி வைத்திருந்த தாள்கள் வெளியே வந்தபின் எத்தனையோ விமானங்கள் மலைகளைத் தாண்டிப் போயிருக்கின்றன.

குன்னூர் விபத்துக்குத் திரும்புகிறேன். முப்படைக் குழு வெளியிட்டது சில வரிகள் கொண்ட ஒரு குறிப்பு. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பட்டியலில் அதே விபத்துக்கு எதிரே ‘மனிதப் பிழை’ என்று இருந்தது. மேட்டுப்பாளையத்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே அன்று மேகம் எந்த உயரத்தில் இருந்தது, விமானிக்கு எந்த நேரத்து வானிலைத் தகவல் தரப்பட்டது, திரும்பிப் போகும் முடிவை எந்த இடத்தில் எடுத்திருக்கலாம் என்பனவற்றை அந்த இரண்டு சொற்கள் சொல்லவில்லை. இன்றும் இம்மலைப் பாதையில் ஹெலிகாப்டர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் தோட்டத்து வேலையாட்கள் சத்தம் கேட்டால் இப்போதும் நிமிர்ந்து மலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். அந்த ஹெலிகாப்டர் சோவியத் காலத்தது என்ற வரிக்குத் தங்கள் நாளிதழ் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். பாதுகாப்புக்குரிய விவரங்களை நீக்கிவிட்டு, வானிலை பற்றிய பகுதிகளையாவது பொதுவில் வைக்கும்படி பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டுத் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதினால், கொங்கு நாட்டு வாசகர்கள் பலர் அதற்குக் கீழே கையெழுத்திடுவார்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வானிலைப் பிரிவு ஊழியர்,
காரமடை, கோவை மாவட்டம்.