டேனிஷ் பேப்பர் பார்க்கிற பாம்பன் பையன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் நம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கடற்கரை ஊர்ப் பையன்கள் தங்களுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாத பாஷைகளில் வந்த பேப்பர் துண்டுகளை போனில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டு திரிகிறார்கள், அதுவும் யாரோ நாலு அமெரிக்கக்காரர்கள் போடுகிற இரைச்சலைப் பற்றி, எல்லாம் வெறும் பகட்டு, தமிழ் பேப்பரைத் தொடுவதுகூடக் கிடையாது என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொல்கிற ஆட்களில் நானும் ஒருவன். பையன் என்று சொல்கிற வயசு தாண்டிவிட்டது, மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பேப்பர் துண்டு அனுப்புவது உண்மை. பாஷை தெரியாது என்பதும் பாதி உண்மை. தமிழ் பேப்பரைத் தொடுவதில்லை என்றாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெட்டாலிகா என்ற ராக் குழுவின் '72 சீசன்ஸ்' என்ற புது ஆல்பம் 2023 ஏப்ரல் 14-ம் தேதி வெளிவந்தது. 2016 நவம்பருக்கு அப்புறம் அவர்கள் போட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம், பன்னிரண்டு பாட்டு, 77 நிமிடம். ஏப்ரல் 14 என்றால் இங்கே சித்திரை முதல் நாள். அன்று நள்ளிரவோடு விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும் என்பதை ராமநாதபுரம் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் இந்தப் பாட்டு கேட்கிற பையன்களுக்கு ஆல்பமும் ஓய்வும் ஒரே நாளில் கையில் வந்து விழுந்தன. படகைக் கரையேற்றி பலகை மாற்றுகிற இடத்தில், பெயின்ட் அடிக்கிற இடத்தில், வலையைப் பிரித்துப் போட்டுச் சீர்பார்க்கிற இடத்தில் எல்லாம் ஒரு காதில் இயர்போன். முதல் வாரத்திலேயே பாட்டு மனப்பாடம். அடுத்து என்ன செய்வது? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

இங்கிலீஷ் விமர்சனங்களை முதல் ரெண்டு நாளிலேயே மேய்ந்தாகிவிட்டது. அதில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். மற்ற நாட்டுப் பேப்பர்களுக்குப் போனது அதற்குப் பிறகுதான், போனதற்குக் காரணமும் இருந்தது. இந்தக் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் டென்மார்க்கில் பிறந்தவர், அவருடைய அப்பா டோர்பன் உல்ரிச் அந்த நாட்டுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். அதனால் டேனிஷ் பேப்பர்க்காரர்களுக்கு இது அமெரிக்கக் குழு மட்டும் இல்லை, வெளியூர் போய்ப் பெயரெடுத்த தங்கள் வீட்டுப் பிள்ளையும் இதில் இருக்கிறார். நம் ஊரில் ஒருத்தன் வெளியே போய்ப் பெரிய ஆள் ஆகிவிட்டால் அவனைப் பற்றிப் பேசும்போது பெருமையும் வரும், 'ரொம்பத்தான் ஆடுறான்' என்ற குத்தலும் வருமே, அந்த ரெண்டும் சேர்ந்த எழுத்தை நியூயார்க்கிலிருந்து எதிர்பார்க்க முடியாது. அதே மாதிரி இவர்களுடைய சுற்றுப்பயணம் ஏப்ரல் 27-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு ராத்திரி, முதல் ராத்திரி பாடிய பாட்டு ரெண்டாம் ராத்திரி கிடையாது என்ற ஏற்பாடு, மைதானத்தின் நடுவில் வளையமாக மேடை. இதை நேரில் நின்று பார்த்தவன் என்ன எழுதினான் என்று தெரிய வேண்டுமானால் டச்சுப் பேப்பரைத்தானே பார்க்க வேண்டும்?

படிப்பது எப்படி என்றால், போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஜெர்மன், டச்சு எல்லாம் ஓரளவு புரிகிறது. ஜப்பானிய இதழைக் காட்டினால் மட்டும் கஞ்சியும் இல்லாமல் கூழும் இல்லாமல் ஏதோ ஒன்று வரும். புரியாத இடத்தில், வெளியூரில் இருக்கிற சொந்தக்காரன் யாரையாவது பிடித்துக் கேட்பதுதான். கீழக்கரைக்காரரும் தொண்டிக்காரரும் இல்லாத நாடு எது?

கப்பலில் வேலை பார்க்கிற தங்கச்சிமடத்து நண்பன் ஒருவன் ஹாம்பர்க்கில் கரையிறங்கியபோது ரயில் நிலையக் கடையில் மெட்டல் என்ற இந்த வகை ராக் இசைக்கென்றே வருகிற ஜெர்மன் இதழ் ஒன்று வாங்கி, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தான். அந்த இதழ் இப்போது எத்தனை கை மாறியிருக்கும் என்று தெரியாது, அட்டையில் கிரீஸ் கறை, ஓரத்தில் மீன் வாடை, நடுப் பக்கத்து பின் கழன்றுவிட்டது. அதில் எங்களை அசத்தியது பேட்டியோ படமோ இல்லை, ஒரு கட்டம். அந்த மாதம் வந்த ஆல்பங்களின் பெயர் ஒரு பக்கம், இதழில் வேலை பார்க்கிறவர்களின் பெயர் மேலே, ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட மார்க். ஒரே ஆபீசில் உட்கார்ந்து ஒரே காபி குடிக்கிறவர்கள், ஒருத்தருக்குப் பிடித்தது அடுத்தவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்காமல் அப்படியே அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் ஆட்கள் அன்றைக்கே பெயின்ட் அடிக்கிற படகின் நிழலில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஆளாளுக்குப் பாட்டுவாரியாக மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். சண்டைதான். ஆனால் வாய்ச்சண்டையில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. 'சூப்பர்', 'மொக்கை' என்று ரெண்டே வார்த்தையில் முடித்தவர்கள் எல்லாம் ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்.

மார்க் விஷயத்தில் இன்னொரு கூத்து இருக்கிறது, பெரியவரின் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். டென்மார்க்கின் பொலிட்டிகன் பேப்பரில் நட்சத்திரத்துக்குப் பதில் இதயம் போடுவார்கள், மொத்தம் ஆறு. நார்வேயின் வி.ஜி. பேப்பரில் தாயக்கட்டை மாதிரி பகடைப் படம், அதுவும் ஒன்றிலிருந்து ஆறு வரை, 1952-லிருந்து இந்தப் பழக்கம். ஜெர்மன் இதழ்களில் மெட்டல் ஹாமர் ஏழுக்கு, ராக் ஹார்ட் பத்துக்கு, ஜப்பானின் பர்ன் இதழ் நூற்றுக்கு. நம் ஆட்கள் நாலு இதயத்தைப் பார்த்தவுடன் 'அஞ்சுக்கு நாலு மச்சான்' என்று அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பேப்பர் பெயர், தேதி எல்லாம் வெட்டிவிட்டு வெறும் தலைப்பையும் படத்தையும் மட்டும் அனுப்புவது. எல்லாவற்றையும்விட மோசம், புகழ்ந்து எழுதியது மட்டும்தான் சுற்றுக்கு வரும். 77 நிமிடம் ரொம்ப நீளம், கொஞ்சம் கத்தரித்திருக்கலாம் என்று பல நாட்டிலும் பல பேர் எழுதினார்கள். அதை எல்லாம் யாரும் பகிரவில்லை. நான் ரெண்டு மூன்றைத் தேடிப்பிடித்து அனுப்பினேன், 'உனக்கு எதுக்குண்ணே இந்த வேலை' என்று ஒருத்தன் கேட்டான். என்னைக் கேட்டால் அவர்கள் எழுதியது சரி, ஆல்பத்தின் பின்பாதியில் ரெண்டு பாட்டை எடுத்துவிட்டிருந்தால் கடைசியில் வருகிற பதினோரு நிமிடப் பாட்டு இன்னும் ஓங்கி நின்றிருக்கும். அப்படி ஒரு பாட்டு அது.

ஆகவே பகட்டே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பகட்டுக்காக மட்டும் ஒருத்தன் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, டேனிஷ் பேப்பரை வரி வரியாகக் கேமராவில் காட்டிப் படித்துக்கொண்டு இருக்க மாட்டான்.

வெளியூர்க் குரலைக் காது கொடுத்துக் கேட்பது இந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. எங்கள் அப்பா காலத்தில் ராமேஸ்வரம் தீவில் இலங்கை வானொலிதான் ராஜா. சென்னை நிலையம் கரகர என்று வரும், கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி வரும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயரை எல்லாம் இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னால் பாடியது யார், இசை யார், எழுதியது யார் என்று சொல்லிவிட்டுப் போடுவார்கள், நேயர்களை நம்பி நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள். பெரியவர் வயசுக்கு அவரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். அன்றைக்கு அவர் வீட்டில் யாராவது 'கடல் தாண்டி வருகிற குரல் உனக்கு எதுக்கு' என்று கேட்டிருப்பார்களா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் பேப்பரைத் தொடுவதில்லை என்கிறார். தொடுகிறோம். மீன் விலை, தடைக்கால நிவாரணம், இலங்கைக் கடற்படை யாரைப் பிடித்தது யாரை விட்டது, எல்லாம் தமிழ் பேப்பரில்தான் படிக்கிறோம். பாட்டைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சினிமா விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் 'பின்னணி இசை பரவாயில்லை' என்று ஒரு வரி வரும். தனியாக ஒரு ஆல்பத்தைக் கேட்டு, உட்கார்ந்து யோசித்து எழுதிய ஒரு பத்தி வருமா? 2011 அக்டோபரில் இதே குழு இந்தியாவுக்கு வந்தது. 28-ம் தேதி டெல்லி பக்கத்தில் குர்கானில் நடக்க வேண்டியது ரத்தாகி, கூட்டம் மேடையை அடித்து நொறுக்கிவிட்டது, 30-ம் தேதி பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நல்லபடியாக நடந்தது. எங்கள் ஊரிலிருந்து மதுரை போய் ராத்திரி ரயில் பிடித்துப் போனவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வருகிற பேப்பரில் நொறுக்கிய செய்தி வந்தது. பாடிய செய்தி வரவே இல்லை.

தமிழில் எழுதினால் என்ன பெரிசாக வந்துவிடும் என்று கேட்பீர்கள். இந்த ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 72 சீசன்ஸ், அதாவது 72 பருவங்கள் என்பதுதான் இதற்குப் பெயர். பதினெட்டு வருஷம், வருஷத்துக்கு நாலு பருவம், ஆக 72. ஒருத்தன் யார் என்பதை அவனுடைய முதல் பதினெட்டு வருஷம் தீர்மானித்துவிடுகிறது, அப்பா அம்மா 'நீ இதுதான்' என்று சொல்லிவைத்ததை மிச்ச ஆயுள் முழுக்கச் சுமக்கிறோம் என்பதுதான் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கணக்கு. அவர் மருத்துவத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவில் வளர்ந்தவர், பதினாறு வயசில் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர், 2019-ல் பயணத்தை ரத்து செய்துவிட்டுக் குடியிலிருந்து மீள மறுபடி சிகிச்சைக்குப் போனவர். இதெல்லாம் எல்லா நாட்டுப் பேப்பரிலும் வரும்.

நமக்குப் பருவம் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நம் கணக்கில் பதினெட்டு வருஷத்துக்கு 108 வருகிறது. பாம்பன்காரனைக் கேட்டால் அதுவும் இல்லை, காற்று ரெண்டுதான் என்பான், வாடை ஒன்று, கச்சான் ஒன்று, வாடை அடித்தால் வடகடல் பொங்கும், கச்சான் அடித்தால் தென்கடல் பொங்கும், அதைப் பார்த்துத்தான் தொழில். அந்தக் கணக்கில் பதினெட்டு வயசுக்கு 36 காற்று. அதற்குள் இங்கே ஒரு பையனின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது, அப்பாவோடு படகு ஏறுவதா, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வளைகுடா போவதா என்று. இந்தப் பாட்டை இங்கே ஒருத்தன் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்பதை கோபன்ஹேகன்காரன் எழுத மாட்டான், எழுதவும் முடியாது. உங்கள் பேப்பரில் எழுதலாம். எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் பகிர்ந்திருப்போம், தேதி பெயர் எதையும் வெட்டாமல்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை அரைப் பத்தி இடம். மெட்டாலிகாதான் வேண்டும் என்றில்லை, சென்னையில் தமிழில் பாடுகிற குழுக்கள் இருக்கின்றன, அவர்கள் ஆல்பம் போட்டால் அதை எழுதுங்கள், நாகூர் பாட்டை எழுதுங்கள், ஏர்வாடி சந்தனக்கூட்டில் வாசிக்கிற மேளத்தைப் பற்றி எழுதினாலும் படிப்போம். ஏஜென்சி அனுப்பிய செய்தியைத் தமிழாக்கிப் போடாமல், கேட்டவர் ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். மார்க் போடுவீர்களோ மீன் படம் போடுவீர்களோ உங்கள் இஷ்டம். எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், எங்கள் ஆட்களைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஜெர்மன் இதழ் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பெரியவர் பார்க்க விரும்பினால் மண்டபம் வரட்டும், டீ வாங்கித் தருகிறேன். உங்கள் நிருபர் யாராவது பையன்களிடம் பேசிப் பார்க்க நினைத்தால் இந்த மாதம் 14-ம் தேதிக்குள் வரச் சொல்லுங்கள். தடை முடிந்து கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் ஒருத்தனும் கரையில் கிடைக்க மாட்டான்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகன்
ஜூன் 2023