ராணுவ வண்டியையும் ஆறு அடித்துப் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றத்தை நாட்டுப் பாதுகாப்போடு சேர்த்துப் பேசினாலே ‘மரம் வெட்டுறதுக்கும் மிலிட்டரிக்கும் என்ன சம்பந்தம்’ என்று சிரிக்கிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் 2023 அக்டோபரில் சிக்கிமில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். பனிப்பாறை உருக உருகப் பெருத்துக்கொண்டே வந்த தெற்கு லோனக் ஏரி ஒரு ராத்திரியில் உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணையை வாரிக்கொண்டு போய், கீழே நின்ற ராணுவ வண்டிகளைச் சேற்றில் புதைத்தது, வீரர்களும் இறந்தார்கள். அதோடு விட்டதா? தண்ணீரோடு போன ராணுவ வெடிபொருட்கள் தீஸ்தா ஆற்றின் ஓரமாக மேற்கு வங்கம் வரை ஒதுங்கின, அங்கே ஒரு குண்டு வெடித்துப் பொதுமக்களும் செத்தார்கள். இத்தனைக்கும் எதிரி என்று ஒருவரும் இல்லை.

சோற்று விஷயமும் இப்படித்தான். 2010இல் கடும் வெயிலிலும் வறட்சியிலும் கோதுமை கருகியதும் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியது, உலகச் சந்தையில் விலை எகிறியது. மறுவருடம் எகிப்தில் ஆட்சி கவிழ்ந்ததற்குக் கோதுமைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை (அடக்குமுறையும் வேலையில்லாத் திண்டாட்டமும் பெரிய காரணங்கள்), ஆனால் எரிகிற நெருப்பில் அதுவும் எண்ணெய் ஊற்றியது. அப்புறம் தேனீ. முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று, கொஞ்சமாவது தேனீ மாதிரியான உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. இதை எந்த ராணுவத் தளபதியாவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

2021 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பருவநிலை மாற்றத்தைப் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது ரஷ்யா வீட்டோ போட்டது, இந்தியாவும் எதிர்த்து ஓட்டுப் போட்டது. அதிகம் புகை விட்ட நாடுகள் பணம் தருகிற பேச்சைத் தள்ளிவிட்டு, விஷயத்தைத் தூக்கி வல்லரசுகள் கையில் கொடுப்பதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பாதுகாப்பு என்றதும் சில அரசுகளுக்கு வேலி போட்டு அகதிகளைத் தடுப்பதுதான் ஞாபகம் வரும். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

ஆனால் வெளியே பேச வேண்டாம் என்றால் வீட்டுக்குள்ளேயாவது கணக்குப் போட வேண்டுமே. எந்தத் தளம் கடல்மட்டம் உயர்ந்தால் மூழ்கும், எந்த ஏரிக்கு எச்சரிக்கைக் கருவி இல்லை, வெள்ளம் வந்தால் எல்லைச் சாலை எத்தனை நாள் துண்டிக்கப்படும்? பாதுகாப்பு பட்ஜெட் விவாதத்தில் இதையும் யாராவது கேட்கட்டும். உங்கள் பத்திரிகையிலும் எல்லைச் செய்திக்கு முதல் பக்கம், ஏரி உடையும் என்ற எச்சரிக்கைக்கு எட்டாம் பக்கம் என்றிருப்பதை ஒருமுறை மாற்றிப் பாருங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்