பழனிப் பாதைப் பந்தல்களில் உப்பு போட்ட மோரும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் நெருங்கிவிட்டது. எங்கள் ஊரில் மாலை போட்டவர்கள் விரதத்தில் இருக்கிறார்கள். அன்னதான வசூல் நோட்டு போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டு வந்த பையன்கள், "இந்த வருசம் பந்தல்ல என்ன குடுக்கலாம்க்கா?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைப் பாதை நெடுகப் பந்தல் போடும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கல்லல் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு 17 முறை நடந்திருக்கிறேன். 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் ஒரு முறை பாதியில் திரும்பினேன். அதைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் என் தம்பி முதன்முதலாக என்னோடு நடக்க வந்தான். அப்போது அவனுக்கு 54 வயது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறவன். வெயிலில் சுருண்டு விழுந்துவிடுவானோ என்ற பயத்தில், புறப்பட்ட நேரத்திலிருந்து "தண்ணியக் குடிடா, தண்ணியக் குடிடா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் தட்டமாட்டான். பந்தலுக்குப் பந்தல் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தான். நத்தத்தில் சாப்பிடக் கூப்பிட்டபோது, "வயிறு திம்முன்னு இருக்குக்கா, சோறு எறங்காது" என்றான். சரி, மோராவது குடி என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பாட்டில் தண்ணீரைத்தான் கையில் கொடுத்தேன்.

கோபால்பட்டி வருவதற்குள் தலைவலி என்றான். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விரல்கள் உப்பியிருந்தன. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் சதைக்குள் அழுந்தி, இரண்டு பக்கமும் தோல் பிதுங்கி நின்றது. வாந்தி எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "காரைக்குடி பஸ் போயிருச்சாக்கா?" என்று கேட்டான். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. வெயில் அடித்துவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் புகட்டினேன்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்தான சோடியம் 121. நல்ல உடம்பில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றுதான். அவன் சாப்பிட்டது சிறுநீரை அதிகம் பிரிக்கிற வகை. உடம்பிலிருந்து உப்பையும் அது வெளியேற்றும். எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு நாளில் தேறி வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊர்க் காவடி பழனி போய்ச் சேர்ந்தது, நாங்கள் போகவில்லை.

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. மத்தியானம் காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது அந்த உப்புதான். போன உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது. சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் போனது உடம்பிலேயே தங்கி மூளையையும் வீங்க வைக்கும். இது என் தம்பிக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்து, ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களுக்குத்தான் பெரும்பாலும் அப்படி ஆகியிருந்தது.

இப்போது நம் பாதையைப் பாருங்கள். பந்தல் போடுகிறவர்களின் மனசு பெரிய மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுப்பதில் முக்கால்வாசி இனிப்பு: கலர் பானம், பாக்கெட் ஜூஸ், கிரீம் பிஸ்கட், டீ. ஒரு லிட்டர் கோலாவில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலிலோ லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் சோடியம் குளோரைடும்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்த மாதிரிக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த பொடியா என்று பார்த்து வாங்குங்கள். இந்தப் பெயரைச் சொல்லி இனிப்புத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்ததால், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் பொடி கரைக்க வேண்டியதில்லை. நடக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நம் நீர்மோரே போதும். 10 லிட்டர் தயிருக்கு 40 லிட்டர் தண்ணீர், 150 கிராம் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும். காலையில் கரைத்ததைச் சாயங்காலம் வரை வைத்து ஊற்றாதீர்கள். பானகம் கொடுப்பவர்கள் அதிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் ருசி கெடாது, கூடத்தான் செய்யும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். விடியற்காலை 3 மணிக்குப் பனியில் புறப்படுகிறோம். குளிரில் தாகமும் தெரியாது, பசியும் தெரியாது. 9 மணிக்கு மேல் வெயில் ஏறும்போது கால் துவண்டுவிடுகிறது. எங்களோடு 70 வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி வருவார்கள். தோள் பையில் ஓலைக் கொட்டான் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பாசிப்பருப்பு மாவுருண்டை. வறுத்து அரைத்த மாவில் நெய்யைச் சுடச்சுட ஊற்றிப் பிடித்தது. அடியில் வாழையிலைத் துண்டில் உப்பு நார்த்தங்காய். மணிக்கு ஓர் உருண்டை, கூடவே நார்த்தங்காய் ஒரு கீற்று, அப்புறம் இரண்டு மடக்கு தண்ணீர். "பசிச்ச பெறகு திங்கிறது காலுக்கு வந்து சேர நேரமாகும்த்தா" என்பார்கள். நான் படித்த பாடத்தில் இதே விஷயம் நீட்டி முழக்கி எழுதியிருந்தது. பந்தல்களில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கை சுண்டலோ, இலையில் கொஞ்சம் புளிச்சாதமோ கொடுத்தால் மாவுச்சத்தும் உப்பும் சேர்ந்தே கிடைக்கும்.

எவ்வளவு குடிப்பது என்று கேட்பவர்களுக்கு: தாகத்துக்குக் குடியுங்கள், போட்டி போட்டுக் குடிக்காதீர்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரித் திரும்பத் திரும்பப் போனால், வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்போடு எதையாவது சாப்பிடுங்கள். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், தண்ணீர் புகட்ட வேண்டாம். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரஷர், இதயம், சிறுநீரகம் இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ புறப்படும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பெண்கள் நிலைமை இதற்கு நேர்மாறு. ஒதுங்க இடமில்லை என்று பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. நாக்கு ஒட்டிக்கொள்ள, மத்தியானம் வரை ஒரு டம்ளரோடு நடக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய மறுவாரம் நீர்க்கடுப்பு என்று என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். மோரை நீட்டினாலும், "வேண்டாம்க்கா, அப்புறம் எங்க போறது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பந்தல்காரர்களால் பதில் சொல்ல முடியாது. சிவகங்கை, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள், குறைந்தது சிங்கம்புணரிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், அந்தப் பத்து நாளுக்காவது தண்ணீர் வசதியோடு தற்காலிகக் கழிப்பறைகள் வைத்துத் தர வேண்டும். ராத்திரியில் அங்கே விளக்கும் எரிய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பந்தல் இந்த வருடம் கோபால்பட்டியைத் தாண்டி, சாணார்பட்டிக்கு முன்னால் இருக்கும். மோர்ப் பானைக்கு என் தம்பி பொறுப்பு. தராசில் நிறுத்து உப்பு போடுவதற்கு இப்போதே பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கல்லல் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்.