கதிருக்கு அப்பா எழுதுவது

வாடிப்பட்டி
ஞாயிறு

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லாரும் நலம். மோட்டாரைச் சரி பார்த்தாயிற்று. அக்கா பையனுக்கு முன்பல் விழுந்து, சிரிக்க மாட்டேன் என்கிறான். மழைதான் இல்லை.

உன் கண் விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாய், அதனால் எழுதுகிறேன். வீடியோவில் முகம் காட்டி எவ்வளவு நாளாயிற்று? ஐதராபாத்தில் நெட் சரியில்லை என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காதுகுத்துப் போட்டோவை நானும் பார்த்தேன். மண்டபத்துக்குள்ளே கூலிங் கிளாஸோடு நிற்கிறாய். உன் மாமா ஸ்டைல் என்றார். டியூப்லைட் வெளிச்சமே கண்ணில் குத்துகிறவன்தான் அப்படித் தலையைக் குனிந்து நிற்பான். செல்லூர்ப் பெரியப்பா நின்று பார்த்தவன் நான்.

அவருக்கு முதலில் வந்தபோது ஊரே மெட்ராஸ் ஐ என்றது. பீளை கிடையாது, இமை ஒட்டவில்லை. ஒரே ஒரு கண், கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, வெளிச்சம் பட்டால் வலி. பெரியம்மா நந்தியாவட்டைப் பூவைக் கட்டினாள், தாய்ப்பால் விட்டாள். அடங்கும், மறுபடி வரும். அந்தக் கண்ணின் பாப்பா கடைசியில் வட்டமாக இல்லாமல் கோணிப்போனது. நீதான் சின்னதில் அவரை "பூனைக்கண் பெரியப்பா" என்று கூப்பிட்டு அடி வாங்கினாய்.

அது ஏன் கோணியது என்று இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குள்ளே அழற்சி, யுவியைடிஸ் என்கிறார்கள், அது இருக்கும்போது பாப்பாவைச் சுற்றியிருக்கும் திரை, பின்னால் இருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் இருக்கத்தான் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு தருகிறார்கள். அதைக் கண்ணில் போட்டால் கம்ப்யூட்டர் எழுத்து தெரியவில்லை என்று நீ அந்த பாட்டிலைத் தொடுவதே இல்லை என்று நினைக்கிறேன். லீவு போடு தம்பி. வேலையில் உன்னைப் போல ஒருத்தன் இல்லை என்று உன் கூட்டாளி என்னிடமே சொன்னான், கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு வாரம் லீவு தரமாட்டார்களா?

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டை நன்றாகக் குலுக்கி விடு, மருந்து அடியில் தங்கிவிடும். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் ஐந்து நிமிஷம் இடைவெளி. சிவப்பு போய்விட்டது என்று நீயாக நிறுத்தாதே. மணிக்கு ஒரு சொட்டு என்று ஆரம்பித்தால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். உள்ளே அழற்சி அணுக்கள் இன்னும் மிதக்கிறதா என்பது, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் வைத்துப் பார்க்கும் டாக்டருக்குத்தான் தெரியும். பாத்ரூம் கண்ணாடியில் தெரியாது.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மருந்தை வாங்கிப் போடுகிறாய் என்று அக்கா சொன்னாள். அவளைத் திட்டாதே. அந்த ஸ்டீராய்டு சொட்டைக் கணக்கில்லாமல் விட்டால் கண் பிரஷர் ஏறும். வலியே இல்லாமல் நரம்பைத் தின்னும். புரையும் சீக்கிரம் வரும். நோய்க்கும் அந்த மருந்துதான், அளவு தப்பினால் கெடுப்பதும் அதேதான். படித்தவன், உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண் ஆஸ்பத்திரி தூரம் என்றும் சொல்லாதே. பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1987இல் ஆரம்பித்தது, நம்ம பிரசாத் ஸ்டுடியோக்காரர் கொடுத்த இடம். அங்கே யுவியைடிஸுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கண்ணாடி நம்பர் பார்க்கிற கிளினிக்கில் போய் உட்காராதே. இல்லை, ஊருக்கு வா, மதுரை அரவிந்துக்குப் போவோம். அதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டு வாதத்தில் விரல்களே கோணிவிட்டன. அந்த விரல்களால்தான் கத்தி பிடித்து ஆபரேஷன் செய்தார். நீ சொட்டு மருந்துக்கு அழுகிறாய்.

இப்போது எழுத வந்த விஷயம். காலையில் எழுந்ததும் உன் இடுப்பு பிடித்துக்கொள்கிறதா? நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறதா? பொங்கலுக்கு வந்தபோது செவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் முதுகு வளைந்தது பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்ததால் என்றுதான் ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் மதுரையில் மூட்டு வாத டாக்டரிடம் போனேன். அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்து, முதுகெலும்பு மூங்கில் மாதிரி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, இது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்றார். ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற பரம்பரை அடையாளம் இருக்கிறது. கண்ணில் திரும்பத் திரும்ப இப்படி வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது இருக்குமாம். வீட்டில் யாருக்காவது கண் சிவந்ததா என்று அவரே கேட்டார். பெரியப்பாவைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்ல நா வரவில்லை, பிறகு சொன்னேன். என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்க வேண்டும், அம்மா பக்கத்தில் யாருக்கும் இல்லை.

ஆகவே கண் டாக்டரிடம் முதுகைச் சொல், முதுகு டாக்டரிடம் கண்ணைச் சொல். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருக்காதே. நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட் எழுதுவார்கள், பயப்படாதே. நம் நாட்டில் டிபியாலும் கண் இப்படி ஆகும். அடிக்கடி வருகிறது என்றால் அழற்சியை அடக்க மாத்திரையோ அடலிமுமாப் ஊசியோ சொல்வார்கள், டிபி இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்த ஊசி. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டுவிடாதே. வாரத்துக்கு ஒரு நாள். சிகரெட்டை விடு, முதுகுக்கும் ஆகாது. உன் சட்டைப் பையை அம்மா துவைக்கும்போது பார்த்தது எனக்கும் தெரியும்.

தேனிப் பெண் வீட்டு விஷயத்தை நீ ஏன் தள்ளிக்கொண்டே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இதுதான் காரணம் என்றால், அவர்களிடம் நான் பேசுகிறேன். கிழவனின் வளைந்த முதுகைப் பார்த்துவிட்டுத்தானே அவர்கள் காபி கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் கண் பிரஷர் எவ்வளவு என்று எனக்கு எண்ணாக எழுதி அனுப்பு. 10க்கும் 21க்கும் நடுவே இருந்தால் அம்மாவிடம் காட்டுகிறேன். மேலே இருந்தால் எனக்கு மட்டும் சொல்.

அப்பா